எண் இருக்கிறது, ஆள் எங்கே?

சேலம் கோரிமேட்டைத் தாண்டி ஏற்காடு போகும் சாலையில் இருக்கிறது கொண்டப்பநாயக்கன்பட்டி. மலையடிவாரம். சாயங்காலமானால் சேர்வராயன் மலைப் பக்கமிருந்து காற்று இறங்கும். ஆனால் அங்கே ஒரு வீட்டில் கணினியைத் திறந்து "இன்றைய வானிலை" என்று தேடினால், திரையில் சென்னையின் புழுக்கம் வந்து நிற்கக்கூடும். சில நாள் கோயம்புத்தூர். எப்போதாவது மும்பை. கூப்பிடு தூரத்தில் இருக்கும் சேலம் மட்டும் வராமலே போவதும் உண்டு.

அதே வீட்டில் கைபேசியை எடுத்து பிரியாணி ஆர்டர் செய்தால், கொண்டு வருபவர் சந்து பொந்தெல்லாம் சரியாகத் திரும்பி வாசலில் வண்டியை நிறுத்துகிறார். வீடு ஒன்று, வைஃபை ஒன்று. ஒரு கருவிக்குத் தெரு வரை தெரிகிறது, இன்னொன்றுக்கு மாவட்டமே பிடிபடவில்லை.

காரணம் எளிது. கைபேசி தன் இடத்தைச் செயற்கைக்கோள்களிடமும், அருகிலுள்ள செல்போன் டவர்களிடமும், சுற்றியுள்ள வைஃபை பெட்டிகளின் பெயர்களிடமும் கேட்டுத் தெரிந்துகொள்கிறது. மேசைக் கணினியில் பெரும்பாலும் அந்த வசதி எதுவும் இல்லை. வலைத்தளத்திடம் அது காட்டக்கூடியது ஐ.பி. முகவரி என்கிற எண்ணை மட்டும்தான். அந்த எண்ணை வைத்து ஊரை ஊகிக்கப் பார்க்கும்போதுதான் சென்னையும் மும்பையும் வருகின்றன.

வானிலை தவறினால் நட்டம் ஒன்றுமில்லை. ஆனால் இதே எண்ணை வைத்துத்தான் காவல் துறை குற்றவாளியைத் தேடுகிறது, வங்கி மோசடியைச் சந்தேகிக்கிறது, விளம்பர நிறுவனம் வாடிக்கையாளரை வகைப்படுத்துகிறது. அந்த எண் எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்று தெரியாமல் நம்பியதால் இந்தியாவில் ஒருவர் ஐம்பது நாள் சிறையில் இருந்திருக்கிறார். அந்தக் கதைக்கு வருமுன் எண்ணைப் பார்த்துவிடலாம்.

இணையத்தில் சேரும் ஒவ்வொரு கருவிக்கும் தொழிற்சாலையிலேயே தந்த எண்கள் உண்டு. கைபேசிக்கு 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. எண். வைஃபை சில்லுக்கு மேக் முகவரி எனப்படும் 48 பிட் எண். திருட்டுப்போன கைபேசியைக் கண்டுபிடிக்க முதல் எண் உதவும். இரண்டாவது, ஒரே வைஃபையில் இருக்கும் டி.வி.யையும் லேப்டாப்பையும் பிரித்தறிய ரவுட்டருக்குப் பயன்படும். அந்த வீட்டு எல்லையைத் தாண்டி அது பொதுவாக வெளியே போவதில்லை. இவை இருக்கும்போது மூன்றாவதாக இன்னோர் எண் எதற்கு?

கருவியை அடையாளம் காட்டும் எண்ணால் வழி சொல்ல முடியாது என்பதுதான் பதில். இதற்கு நம் பின்கோடே நல்ல உதாரணம். 1972 ஆகஸ்ட் 15-இல் வந்த அந்த ஆறு இலக்க முறையில், மும்பையில் கடிதம் பிரிப்பவருக்குக் கொண்டப்பநாயக்கன்பட்டி எந்தத் திசையில் இருக்கிறது என்று தெரிய வேண்டியதில்லை. முதல் இலக்கம் 6 என்றால் தெற்கே அனுப்ப வேண்டியது. 636 என்றால் சேலம். கடைசி மூன்று இலக்கங்கள் சேலத்தில் பிரிப்பவர் பாடு. ஐ.பி. முகவரியும் இப்படித்தான் முன்பகுதி, பின்பகுதி என்று அமைந்திருக்கிறது. முன்பகுதி எந்த வலையமைப்பு என்று சொல்லும். பின்பகுதி அதற்குள் எந்த இணைப்பு என்று சொல்லும். வழியிலுள்ள ரவுட்டர்கள் முன்பகுதியை மட்டும் பார்த்துத் தகவல் பொட்டலத்தை அடுத்த கைக்குத் தள்ளிவிடுகின்றன. உலகத்தில் இருக்கும் கோடானுகோடிக் கருவிகளையும் ஒவ்வொன்றாக நினைவில் வைக்க வேண்டிய அவசியம் எந்த ரவுட்டருக்கும் இல்லை. பத்து லட்சம் அளவிலான முன்பகுதிகளின் பட்டியல் கையில் இருந்தால் போதும்.

பின்கோட்டோடு உள்ள ஒற்றுமை இங்கே முடிகிறது. 636 என்பது சேலத்து மண்ணோடு கட்டப்பட்டது. நாளைக்கே அதைத் தூக்கி ராஞ்சியில் வைக்க முடியாது. ஐ.பி. முகவரியின் முன்பகுதி கட்டப்பட்டிருப்பது ஒரு நிறுவனத்தின் வலையமைப்போடு. ஒவ்வொரு வலையமைப்புக்கும் உலக அளவில் ஒரு வரிசை எண் உண்டு. பி.எஸ்.என்.எல்.லுக்கு 9829, ஜியோவுக்கு 55836, ஏர்டெல்லுக்கு 9498. "இந்த முகவரிகளெல்லாம் என்னிடம் இருக்கின்றன, இவற்றுக்கான பொட்டலங்களை என்னிடம் அனுப்புங்கள்" என்று ஒவ்வொரு வலையமைப்பும் பக்கத்து வலையமைப்புகளிடம் அறிவிக்கும். பக்கத்தில் இருப்பவர் அதைத் தன் பக்கத்தில் இருப்பவரிடம் சொல்வார். இணையம் முழுவதும் வழி தெரிந்துகொள்வது இந்த அறிவிப்புகளால்தான். ஊர்ப்பெயர் எங்கேயும் வருவதில்லை.

அறிவிப்பவர் சொல்வது உண்மைதானா என்று சரிபார்க்கும் ஏற்பாடு வெகு காலம் இருக்கவில்லை. 2008 பிப்ரவரி 24 அன்று, யூடியூபைத் தன் நாட்டுக்குள் முடக்க நினைத்த பாகிஸ்தான் டெலிகாம், யூடியூப் முகவரிகளில் 256-ஐத் தன்னுடையவை என்று அறிவித்தது. அந்த அறிவிப்பு நாட்டு எல்லையில் நிற்கவில்லை. ஹாங்காங் நிறுவனம் ஒன்றின் வழியாக உலகம் முழுக்கப் பரவிவிட்டது. யூடியூப் அறிவித்திருந்தது 1,024 முகவரிகள் கொண்ட பெரிய தொகுதி. பெரிய தொகுதியும் அதற்குள் அடங்கிய சின்னத் தொகுதியும் மோதினால், துல்லியமானது என்று சின்னதையே ரவுட்டர்கள் ஏற்கும். விதி அப்படி. ஏறக்குறைய இரண்டு மணி நேரம் உலகின் பல பகுதிகளில் யூடியூபுக்குப் போக வேண்டிய பொட்டலங்கள் பாகிஸ்தானுக்குப் போய்த் தொலைந்தன. யூடியூப் கணினிகளில் எந்தப் பழுதும் இல்லை. அவை இருக்கும் வழியைத்தான் உலகம் தவறாகத் தெரிந்து வைத்திருந்தது.

சரி, இந்த எண்களை யார் கொடுக்கிறார்கள்? உச்சியில் ஐயானா என்கிற அமைப்பு. அதன் கீழே கண்டத்துக்கு ஒன்று என்கிற கணக்கில் ஐந்து பதிவகங்கள். நமக்கானது ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரிலுள்ள ஏப்னிக். 2012 முதல் இந்தியாவுக்கென்றே ஐரின் என்ற பதிவகம் இயங்குகிறது. அதை நடத்துவது 2003-இல் தொடங்கப்பட்ட நிக்சி. இந்த நிக்சி பிறந்ததற்கே ஒரு காரணம் உண்டு. அதற்கு முன்பு, இரண்டு வெவ்வேறு இந்தியச் சேவை நிறுவனங்களின் வாடிக்கையாளர்கள் பக்கத்துப் பக்கத்து வீட்டில் இருந்தாலும், ஒருவர் அனுப்பும் மின்னஞ்சல் கடல் கடந்து வெளிநாட்டுக்குப் போய்த் திரும்பி வர வேண்டியிருந்தது. நிறுவனங்கள் நாட்டுக்குள்ளேயே தகவலைக் கைமாற்றிக்கொள்ளச் சென்னை உள்ளிட்ட நகரங்களில் நிக்சி சந்திப்பு மையங்களை அமைத்தது.

பதிவகத்திடமிருந்து சேவை நிறுவனம் முகவரிகளை மொத்தமாகப் பெறுகிறது. பெறும்போது தன் தலைமை அலுவலக விலாசத்தைப் பதிகிறது. சேலத்து வீட்டில் "மும்பை" எட்டிப் பார்ப்பதற்கு ஒரு காரணம் அங்கே இருக்கிறது: ஊரை ஊகிக்கும் தரவுத்தளத்துக்கு வேறு துப்பு கிடைக்காவிட்டால், பதிவேட்டில் இருக்கும் தலைமையகத்தையே சொல்லிவிடும். சென்னை வருவது இன்னொரு காரணத்தால். தமிழ்நாட்டு வாடிக்கையாளர்களின் போக்குவரத்தைப் பல நிறுவனங்கள் சென்னையில் திரட்டித்தான் பொது இணையத்துக்குள் விடுகின்றன. சிங்கப்பூருக்குப் போகும் கடலடி கேபிள்கள் கரையேறும் ஊரும் அதுதான். வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தெரிவது அந்த வாசல். வாசலுக்குப் பின்னால் இருப்பது மயிலாப்பூரா மலையடிவாரமா என்று அவருக்குத் தெரியாது.

இதுவரை சொன்னதில் ஓர் இணைப்புக்கு ஒரு முகவரி என்ற எண்ணம் மறைந்திருக்கிறது. இந்தியாவில் அது எப்போதோ போய்விட்டது.

1981 செப்டம்பரில் ஜான் போஸ்டெல் தொகுத்து வெளியிட்ட விதிமுறைப்படி ஐ.பி. முகவரி என்பது 32 பிட் எண். 0 முதல் 255 வரையான நான்கு எண்களைப் புள்ளி வைத்துப் பிரித்து எழுதுவது வழக்கம். மொத்தம் 429 கோடியே 49 லட்சத்துச் சொச்சம் முகவரிகள்தான் அதில் சாத்தியம். ஒரு சோதனைக்கு அது போதும் என்று எழுபதுகளில் தாம் முடிவெடுத்ததாகவும், சோதனை முடியவே இல்லை என்றும் இணையத்தின் தந்தையரில் ஒருவரான வின்ட் செர்ஃப் பின்னாளில் பலமுறை சொல்லியிருக்கிறார். தொடக்கத்தில் வாரி வழங்கினார்கள். அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்வி நிறுவனம் ஒன்றுக்கே 1 கோடியே 67 லட்சம் முகவரிகள் கிடைத்தன. 2017-இல் அதில் ஒரு பகுதியை அமேசானுக்கு விற்றது. இந்தியாவில் பொதுமக்களுக்கு இணையம் வந்தது 1995 ஆகஸ்ட் 15-இல்தான். பந்தியில் பிந்திப் போனவர்களுக்கு இலையில் என்ன மிஞ்சும்? 2011 பிப்ரவரி 3 அன்று ஐயானாவின் கையிருப்பு தீர்ந்தது. அதே ஆண்டு ஏப்ரல் 15-இல் ஏப்னிக்கும் கடைசித் தொகுதிக்கு வந்து, இனி ஆளுக்குக் கொஞ்சம்தான் என்று ரேஷன் போட ஆரம்பித்தது.

கைபேசி இணையம் கிராமங்களுக்குப் போனது அதற்குப் பிறகு.

அந்தப் பற்றாக்குறையைச் சேலம், நாமக்கல் வட்டாரத்தில் தினமும் சந்திப்பவர் யாரென்றால், கேமரா மாட்டுகிறவர். தறிப்பட்டறை, கொலுசுப் பட்டறை, சேகோ ஆலை, கோழிப்பண்ணை என்று எங்கும் இன்று கண்காணிப்பு கேமரா உண்டு. மாட்டி முடித்து நாலு நாள் கழித்து உரிமையாளரிடமிருந்து போன் வரும்.

"ஏனுங்க, பட்டறை வைஃபையில பார்த்தா நல்லாத் தெரியுது. வெளிய போனா தெரிய மாட்டேங்குது."

"ஸ்டேட்டிக் ஐ.பி. வாங்கணும்ங்கண்ணா. கேபிள்காரருகிட்ட கேளுங்க, தனியாக் காசு கேப்பாங்க."

இந்த இரண்டு வரி உரையாடலுக்குள் முகவரிப் பஞ்சத்தின் கதை முழுவதும் இருக்கிறது. பட்டறையில் கேமராப் படங்களைப் பதியும் டி.வி.ஆர். பெட்டிக்கு ரவுட்டர் கொடுத்திருப்பது 192.168 என்று தொடங்கும் ஒரு முகவரி. 1996-இல் வந்த ஏற்பாட்டின்படி 192.168, 10 போன்ற சில தொடக்கங்கள் வீட்டுக்குள், அலுவலகத்துக்குள் மட்டும் புழங்க ஒதுக்கப்பட்டவை. அவற்றை யாரும் யாரிடமும் கேட்காமல் பயன்படுத்தலாம். கொண்டப்பநாயக்கன்பட்டியிலும் 192.168.1.1 இருக்கும், கொழும்பிலும் இருக்கும், கனடாவிலும் இருக்கும். அதனாலேயே வெளியுலகில் அந்த எண்ணுக்கு எந்த வழியும் கிடையாது.

உள்ளே இருக்கும் கருவி வெளியே ஒரு தளத்தைக் கேட்கும்போது, ரவுட்டர் அந்த உள் முகவரியை எடுத்துவிட்டுத் தன் பொது முகவரியைப் போட்டு அனுப்பும். கூடவே போர்ட் எண் ஒன்றையும் சேர்க்கும். "போர்ட் 41,200-க்கு வரும் பதில் ஹாலில் இருக்கும் டி.வி.க்கு, 41,201-க்கு வருவது பையனின் லேப்டாப்புக்கு" என்று ஓர் அட்டவணை அதனிடம் இருக்கும். பதில் வந்ததும் அட்டவணையைப் பார்த்து உரிய கருவியிடம் சேர்த்துவிடும். உள்ளேயிருந்து கேட்டால்தான் அட்டவணையில் வரி விழும். வெளியிலிருந்து ஒருவர் தானாக வந்து தட்டினால் எந்த வரியும் இல்லை. பொட்டலம் கீழே போடப்படும். கேமரா வெளியூரில் தெரியாததற்கு இதுதான் காரணம். ரவுட்டரில் ஒரு போர்ட்டை நிரந்தரமாக டி.வி.ஆருக்கு என்று எழுதி வைத்தால் சரியாகிவிடும். மாட்டுகிறவர்கள் இதைப் போர்ட் ஃபார்வர்டு என்பார்கள்.

அதுவும் இப்போது எடுபடுவதில்லை. ஏனென்றால் ரவுட்டருக்கே பொது முகவரி கிடைப்பதில்லை. சேவை நிறுவனம் தன் அலுவலகத்தில் இன்னொரு பெரிய மாற்றுப் பெட்டியை வைத்து, பல வாடிக்கையாளர்களை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் நிறுத்தியிருக்கிறது. இந்த நடு அடுக்குக்கென்றே 2012-இல் 100.64 என்று தொடங்கும் தொகுதி ஒதுக்கப்பட்டது. ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் 100.64 முதல் 100.127 வரை தொடங்கும் எண்ணைப் பார்த்தால், அந்த வீடு ஒரு கூட்டு முகவரிக்குப் பின்னால் இருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம். ஒரு பொது முகவரிக்கு 65,536 போர்ட்கள். ஆளுக்கு ஆயிரம் என்று பிரித்தால் அறுபத்தைந்து வாடிக்கையாளர்களை ஒரே எண்ணில் அடைத்துவிடலாம். வெளியுலகத்துக்கு அவர்கள் அனைவரும் ஒரே ஆள்.

ஒரு நாடே ஒரே ஆளாக இருந்த காலமும் உண்டு. நம்மூர்க்காரர்கள் ஏராளமாக வேலை பார்க்கும் கத்தாரில், அன்றைக்கு நாட்டின் இணையப் போக்குவரத்து அநேகமாக முழுவதும் ஒரே ஐ.பி. முகவரி வழியாக வெளியே வந்துகொண்டிருந்தது. 2007 புத்தாண்டுச் சமயத்தில் அங்கிருந்து யாரோ விக்கிப்பீடியாவில் குறும்பு செய்ய, நிர்வாகி ஒருவர் வழக்கம்போல அந்த முகவரியைத் தடுத்தார். கணக்கில்லாமல் திருத்தும் உரிமை கத்தார் முழுவதும் சில மணி நேரம் பறிபோனது. தடுத்தவர் ஒரு குறும்புக்காரரைத் தடுத்ததாகத்தான் நினைத்திருந்தார்.

கேமராவுக்கு இன்று இன்னொரு வழி வந்திருக்கிறது. டி.வி.ஆர். தானே உற்பத்தியாளரின் சர்வரோடு உள்ளிருந்து தொடர்பு ஏற்படுத்திக்கொள்கிறது. உரிமையாளரின் கைபேசியும் அதே சர்வரிடம் போகிறது. இரண்டும் அங்கே சந்திக்கின்றன. பெட்டியின் மேல் ஒட்டிய கியூ.ஆர். கோடை ஸ்கேன் செய்வது இதற்குத்தான். தறிப்பட்டறையின் படம் வேறெங்கோ இருக்கும் கணினி ஒன்றின் தயவில் வருகிறது என்பது பலருக்குத் தெரியாது. காசு கொடுத்து ஸ்டேட்டிக் ஐ.பி. என்கிற நிரந்தரப் பொது முகவரியை வாங்கியவருக்கு இந்தக் கவலை இல்லை. ஆனால் வேறு கவலை உண்டு. 2013-இல் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எழுதிய ஒரு மென்பொருள், உலகின் எல்லா நான்கு பகுதி முகவரிகளையும் முக்கால் மணி நேரத்துக்குள் ஒரு தட்டுத் தட்டிப் பார்த்துவிடும். அதாவது நிரந்தர முகவரியில் ஒரு கேமரா இருந்தால், அதை யாரும் தேடி வர வேண்டியதில்லை. எல்லாக் கதவையும் தட்டிக்கொண்டு போகிறவர் இங்கும் தட்டுவார். 2016-இல் மிராய் என்ற தீநிரல் இப்படித்தான், கடவுச்சொல்லை மாற்றாமல் விட்டிருந்த கேமராக்களையும் ரவுட்டர்களையும் பிடித்து ஒரு படையாக்கியது. அக்டோபர் 21 அன்று அந்தப் படை டைன் என்ற அமெரிக்க நிறுவனத்தைத் தாக்கியதில், ட்விட்டர் உள்ளிட்ட பெரிய தளங்கள் பலருக்கும் திறக்கவில்லை. உரிமையாளர்களுக்குத் தங்கள் கேமரா போருக்குப் போனது தெரியாது.

பஞ்சத்துக்கு நிரந்தரத் தீர்வு 1998-லேயே காகிதத்தில் இருந்தது. ஐ.பி. ஆறாம் பதிப்பு. 32 பிட்டுக்குப் பதில் 128 பிட். சாத்தியமான முகவரிகளை எழுத 34-க்குப் பின்னால் 37 சுழி போட வேண்டும். இலக்கங்களோடு ஏ முதல் எஃப் வரையான எழுத்துகளும் கலந்து, முக்காற்புள்ளியால் பிரித்து எழுதுவார்கள். பழைய முகவரி நிறைய வைத்திருந்த நாடுகள் அவசரப்படவில்லை. இந்தியத் தொலைத்தொடர்புத் துறை 2010-இல் ஒரு செயல்திட்டம் வெளியிட்டது. அதுவும் ஆமை வேகம்தான். 2016 செப்டம்பர் 5-இல் ஜியோ வந்ததும் கதை மாறியது. கோடிக்கணக்கான புது வாடிக்கையாளர்களைச் சேர்க்க முனைந்த நிறுவனத்துக்குப் பழைய முகவரியில் இடமே இல்லை. ஆகவே முதல் நாளிலிருந்தே புதுப் பதிப்பில் இறங்கியது. மற்றவர்களும் தொடர்ந்தார்கள். இன்று ஆறாம் பதிப்பைப் பயன்படுத்தும் விகிதத்தில் உலகின் முன்னணி நாடுகளில் இந்தியா ஒன்று. மூன்றில் இரண்டு பங்குக்கும் மேலானோர் அதில் இருக்கிறார்கள். கைபேசியில் "என் ஐ.பி. என்ன" என்று தேடும்போது 2409 என்று தொடங்கினால் அது ஜியோ, 2401:4900 என்று தொடங்கினால் ஏர்டெல்.

இடம் தாராளமாக இருப்பதால் ஒவ்வொரு கருவிக்கும் தனி முகவரி கிடைக்கிறது. அப்படியானால் ஆளைக் கண்டுபிடிப்பது சுலபமாகிவிடுமே என்று தோன்றலாம். முதலில் அப்படித்தான் இருந்தது: முகவரியின் பின்பாதியில் கருவியின் மேக் எண்ணே உட்கார்ந்திருந்தது. எந்த ஊருக்குப் போய் எந்த வைஃபையில் சேர்ந்தாலும் அந்தப் பாதி மாறாது. இது ஒருவரை நிழல்போலத் தொடர உதவும் என்று உணர்ந்ததும், அவ்வப்போது மாறும் தற்காலிக எண்ணை வைத்துக்கொள்ளும் முறை வந்தது. இன்றைய கைபேசிகள் அதைத்தான் செய்கின்றன. கருவியை அடையாளம் காட்ட வேண்டாம் என்று முகவரியிடமே சொல்லி வைத்திருக்கிறார்கள்.

முகவரியிலிருந்து நிலத்தைக் கண்டுபிடிக்கும் தொழிலின் விபரீதத்துக்கு அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் ஒரு பண்ணை வீடு சாட்சி. மேக்ஸ்மைண்ட் என்ற நிறுவனம் ஐ.பி. முகவரிகளுக்கு இடம் குறித்துத் தரவுத்தளம் விற்கிறது. ஒரு முகவரி அமெரிக்காவில் இருக்கிறது, அதற்கு மேல் தெரியாது என்றால் என்ன குறிப்பது? நாட்டின் நடு மையத்தைக் குறிக்கலாம் என்று முடிவெடுத்து, முழு எண்ணாக 38 பாகை வடக்கு, 97 பாகை மேற்கு என்று போட்டார்கள். அந்தப் புள்ளி பாட்வின் என்ற சிற்றூருக்குப் பக்கத்தில் ஒரு பண்ணைக்குள் விழுந்தது. சுமார் 60 கோடி முகவரிகள் அந்த வீட்டு வாசலில் குவிந்தன. திருட்டுக் கைபேசியைத் தேடியும், காணாமல்போன பிள்ளைகளைத் தேடியும், வரி மோசடிக்காரரைத் தேடியும் பல ஆண்டுகள் போலீசும் பொதுமக்களும் அங்கே போய்க் கதவைத் தட்டினார்கள். 2016-இல் காஷ்மீர் ஹில் என்ற பத்திரிகையாளர் எழுதிய பிறகே காரணம் வெளிவந்தது. நிறுவனம் புள்ளியை ஓர் ஏரியின் நடுவே நகர்த்தி வைத்தது. வீட்டில் இருந்தவர்கள் வழக்குப் போட்டார்கள்.

இந்தியக் கதை இதைவிடக் கொடியது. ஆர்குட் என்ற சமூக வலைத்தளத்தின் காலம். சத்ரபதி சிவாஜியை இழிவுபடுத்தும் படங்கள் அதில் வந்தன என்று புனே காவல் துறை வழக்குப் பதிந்தது. படம் ஏறிய ஐ.பி. முகவரியைப் பெற்று, அது யாருடைய இணைப்பு என்று சேவை நிறுவனத்திடம் கேட்டது. நிறுவனம் பெங்களூரில் ஒரு வீட்டு விலாசத்தைத் தந்தது. 2007 ஆகஸ்ட் இறுதியில் 26 வயது மென்பொருள் பொறியாளர் ஒருவரைப் போலீசார் அங்கிருந்து அழைத்துப் போனார்கள். ஐம்பது நாள் சிறை. பிறகுதான் நிறுவனம் கொடுத்த விவரமே தவறு என்று தெரிந்தது. அந்த முகவரிக்கும் அவருக்கும் சம்பவ நேரத்தில் தொடர்பே இல்லை.

இது எப்படி நடக்கக்கூடும் என்பது டயல் அப் காலத்தில் மோடத்தின் கீச்சொலி கேட்டவர்களுக்கு எளிதில் விளங்கும். ஒவ்வொரு முறை இணையும்போதும் நிறுவனம் தன் கைவசமிருக்கும் முகவரிகளில் காலியான ஒன்றைக் கொடுக்கும். துண்டித்ததும் அது அடுத்தவருக்குப் போய்விடும். காலை பத்து மணிக்கு ஒருவரிடம் இருந்த எண் பத்தே காலுக்கு இன்னொருவரிடம். பிராட்பேண்டிலும் ரவுட்டரை அணைத்துப் போட்டால் எண் மாறக்கூடும். ஆகவே நேரம் சேராத ஐ.பி. முகவரி அரைத் தகவல்கூட இல்லை. அந்த நேரமும் எந்த நாட்டு நேரம் என்று சொல்ல வேண்டும். வெளிநாட்டுத் தளங்களின் பதிவேடுகள் பெரும்பாலும் உலகப் பொது நேரத்தில் இருக்கும். நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னால் ஓடுகிறது. இந்தக் கூட்டலை ஒருவர் மறந்தால் வேறொருவர் வீட்டுக் கதவு தட்டப்படும். காலையா மாலையா என்று எழுதாமல் விட்டாலும் அதே கதிதான்.

கூட்டு முகவரிக் காலத்தில் நேரமும் போதாது. அந்த நொடியில் அதே எண்ணுக்குப் பின்னால் அறுபது பேர் இருக்கிறார்கள் அல்லவா? போர்ட் எண்ணும் வேண்டும். பல வலைத்தளங்கள் வந்தவரின் முகவரியைக் குறித்து வைக்கின்றன, போர்ட்டைக் குறிப்பதில்லை. அங்கேதான் புலனாய்வு முட்டி நிற்கிறது. இவையெல்லாம் கிடைத்தாலும் முடிவில் வரும் பெயர் சந்தாதாரருடையது. டீக்கடையில் வைஃபை கடவுச்சொல்லைச் சுவரில் எழுதி ஒட்டியிருந்தால், கடைக்காரர் பெயர்தான் வரும். ஒரு காலத்தில் சேலத்துப் பிரவுசிங் சென்டர்களில் அடையாள அட்டையைக் காட்டி நோட்டில் கையெழுத்துப் போட்டால்தான் கணினி கிடைக்கும். 2011-இல் வந்த விதிகள் அந்தப் பதிவுகளை ஓராண்டாவது வைத்திருக்கச் சொல்லின. எண்ணை ஆளோடு இணைத்த கடைசிக் கண்ணி கணினிக்குள் இல்லை, அந்தக் கோடு போட்ட நோட்டில் இருந்தது.

இப்போது நோட்டுக்குப் பதில் நிறுவனங்களின் பதிவேடு. யாருக்கு, எந்த நேரத்தில், எந்தப் பொது முகவரியும் போர்ட்டும் தரப்பட்டன என்ற இந்த விவரத்தைப் போலீசார் ஐ.பி.டி.ஆர். என்பார்கள். தொலைத்தொடர்பு நிறுவனங்கள் அதை இரண்டு ஆண்டுகளாவது காக்க வேண்டும் என்று 2021 டிசம்பரில் உரிமத்தில் திருத்தம் வந்தது. 2022 ஏப்ரல் 28-இல் இணையப் பாதுகாப்புக்கான அரசு அமைப்பான செர்ட்-இன் இட்ட ஆணை, தங்கள் கணினிப் பதிவேடுகளை 180 நாள் வைத்திருக்கும்படி நிறுவனங்களுக்குச் சொல்கிறது. கணினிக் கடிகாரங்களை அரசு நேர மூலங்களோடு ஒத்து ஓட வைக்க வேண்டும் என்பதும் அதே ஆணையில் இருக்கிறது. கடிகாரத்தைப் பற்றி ஓர் இணையப் பாதுகாப்பு ஆணை கவலைப்படுவது முதலில் வினோதமாகத் தெரியலாம்.

இணைய மோசடியில் பணம் போனால் அழைக்க வேண்டிய எண் 1930. அதற்குப் பிறகு எழுத்தில் புகார் தரும்போது, பணம் போன தேதியோடு மணி, நிமிடத்தையும் காலை, மாலை என்று பிரித்து எழுதுவது நல்லது. திரையைப் படம் பிடிக்கும்போது மேலே மூலையில் இருக்கும் கைபேசி நேரம் வெட்டுப்படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆறு மாதம் கழித்துக் கிளம்பினால் ஒரு பக்கத்துப் பதிவேடு அழிந்துபோயிருக்கலாம்.